முகாம் வீட்டுக்கு ஒரு குத்தகைச் சீட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் புதிய வீடுகள் கட்டித் தரப்படுவது குறித்துத் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். முகாம் ஒன்றை ஒட்டிய அரசுப் பள்ளியில் பல ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தச் செய்திகளில் இடம்பெறாத ஒன்றைப் பற்றி, அந்த வீடுகளில் வசிப்பவர்களுக்கு எழுத்தில் ஓர் உரிமை வேண்டும் என்பதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

முதலில், நடந்திருக்கும் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். 2021 ஆகஸ்டு 27 அன்று சட்டப்பேரவையில் 110ஆவது விதியின் கீழ் முதலமைச்சர் அறிவித்த 317 கோடி ரூபாய்த் திட்டத்தில், மிகவும் பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதற்கு மட்டும் 231 கோடிக்கு மேல் ஒதுக்கப்பட்டது. திண்டுக்கல் மாவட்டம் தோட்டனூத்தில் 2022 செப்டம்பரில் 321 வீடுகள் திறக்கப்பட்டன. அடுத்த ஆண்டு வேலூர் மேல்மொணவூரில் நடந்த விழாவில் பல மாவட்டங்களுக்குமாக 1,591 வீடுகள் திறந்து வைக்கப்பட்டன. முகாம் பெயரிலிருந்து ‘அகதிகள்’ என்ற சொல் நீக்கப்பட்டதையும் நான் சிறிய விஷயமாகக் கருதவில்லை. வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டவனுக்கு, ஒரு சொல்லுக்காகத் தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளையைத் தெரியும்.

பழைய வீடுகள் எப்படி இருந்தன என்பதை வீட்டுப்பாட நோட்டுகளிலிருந்தே சொல்லிவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் முகாமிலிருந்து வரும் நோட்டுகளில் மை கரைந்திருக்கும். ஒருமுறை, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி நான்கு நாட்களாகப் பள்ளிக்கு வராததால் விசாரிக்கப் போனேன். பத்துக்குப் பத்தடி அறை. நடுவில் கயிற்றில் தொங்கிய பழைய சேலைக்கு அந்தப் பக்கம் திருமணமான அண்ணனின் குடும்பம், இந்தப் பக்கம் பெற்றோரும் இவளும் பாட்டியும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை காற்றில் தூக்காமலிருக்க அதன் மேல் பழைய டயர்களும் செங்கற்களும் ஏற்றப்பட்டிருந்தன. தந்தையும் அண்ணனும் பெயின்ட் வேலைக்குப் புறப்பட்டுப் போகும் அதிகாலையில்தான் காலை நீட்டி உட்கார இடம் கிடைக்கிறது என்றும், அப்போதுதான் டிரங்குப் பெட்டியின் மேல் நோட்டை வைத்துக் கணக்குப் போடுவதாகவும் அவள் சொன்னாள். மழையில் கூரை உடைந்து ஒழுகிப் பாட்டிக்குக் காய்ச்சல் வந்ததே அவள் வராததற்குக் காரணம்.

அந்தக் குடும்பத்துக்கு இன்று 300 சதுர அடியில் கான்கிரீட் வீடு கிடைத்தால் மகிழ்ச்சியே. ஆனால் அண்ணனின் பிள்ளைகள் வளர்ந்தபின் அங்கேயும் ஒரு கயிறு கட்டத்தான் வேண்டியிருக்கும். 2021இல் அரசு சொன்ன கணக்கின்படியே 108 முகாம்களில் 18,944 குடும்பங்கள் வசித்தன. புதிதாகக் கட்டப்படுபவை 7,469 வீடுகள். மீதி வீடுகள் அந்த அளவுக்குப் பழுதடையவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பழுதடையாத வீடும் பழுதடையத்தான் போகிறது, பிள்ளைகளும் திருமணம் செய்துகொள்ளத்தான் போகிறார்கள். ஒவ்வொரு முறையும் அடுத்த அறிவிப்பு வரும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்கிறதா என்பதே என் கேள்வி.

ஊருக்குள் இருக்கும் ஏழைக் குடும்பம் இந்த நிலையில் என்ன செய்யும்? சீட்டுப் பணத்தை எடுத்தோ கடன் வாங்கியோ பின்புறம் ஒரு தகரச் சாய்ப்பு இறக்கிக்கொள்ளும். முகாமிலும் சிலர் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் இடம் அரசுடையது, வீட்டுக்கு அவர்கள் பெயரில் ஒரு தாளும் இல்லை. நாளைக்கே இடிக்கச் சொன்னால் காட்டுவதற்கு ஒன்றும் கிடையாது. மேற்சொன்ன மாணவியின் தந்தை சாய்ப்புக்கு அனுமதி கேட்டு அளித்த மனுவை நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டியது. மூன்றாவது முறை அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சேர்த்து வைத்திருந்த பணம் ஒரு இரண்டு சக்கர வாகனமாயிற்று. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன்னுடையதாகாத சுவருக்கு யார் பணம் போடுவார்கள்?

பட்டா கொடுக்க முடியாது, அவர்கள் வெளிநாட்டவர் என்று பதில் வரும். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைக்கு இடமில்லை. இவை தில்லியில் தீர்க்கப்பட வேண்டியவை, எப்போது தீரும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் அதுவரை வீட்டு உரிமையையும் தள்ளிப்போட வேண்டியதில்லை. அந்நியச் செலாவணி மேலாண்மை விதிகளின்படி, இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியின்றி இங்கே அசையாச் சொத்து வாங்க முடியாது என்றாலும், ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே மாநில அரசு தன் இடத்தில் தான் கட்டிய வீட்டை, புதுப்பிக்கத்தக்க ஐந்தாண்டுக் குத்தகையாக, குடும்பத் தலைவியின் பெயரில் எழுதிக் கொடுக்க வழியிருக்கிறது என்றே நான் கருதுகிறேன். சட்டம் அறிந்தவர்கள் இதைச் சரிபார்க்கட்டும்.

அந்தச் சீட்டில் இரண்டு வரிகள் அவசியம் இருக்க வேண்டும். ஒன்று, மாற்று இடம் தராமல் வெளியேற்ற மாட்டோம் என்பது. மற்றொன்று, குறிப்பிட்ட அளவுக்குள் சாய்ப்போ கூடுதல் அறையோ சொந்தச் செலவில் கட்டிக்கொள்ளலாம், அதற்கு இன்ன அலுவலரிடம் தெரிவித்தால் போதும் என்பது. கூரை ஒழுகினால், கழிப்பறைத் தொட்டி நிரம்பினால் யார் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுதிவிட்டால் பல மனுக்கள் குறையும்.

இனி கட்டப்படும் வீடுகளுக்குச் சாவி கொடுக்கும் நாளிலேயே இந்தச் சீட்டையும் கொடுக்கலாம். தோட்டனூத்திலும் மேல்மொணவூரிலும் ஏற்கெனவே குடியேறியவர்களுக்கும், இன்னும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் இருப்பவர்களுக்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும். இதற்குச் சிமென்ட்டும் கம்பியும் தேவையில்லை. ஓர் அரசாணை போதும். மறுவாழ்வுத் துறை இதைப் பரிசீலிக்கத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.