உங்கள் ஊசிகள் என்னிடம்தான் இருக்கின்றன

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

நேற்று முன்தினம் மகளோடு காவேரிப்பட்டணம் வந்து சேர்ந்துவிட்டோம். என்ன நடந்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்லும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை.

கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவு மருத்துவர்கள், செவிலியர்கள், நடுராத்திரியில் ரத்தம் கொடுக்க ஓடி வந்த தம்பிகள், மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டும் என் கடையைச் சாவி வாங்கித் திறந்து நடத்திய மைத்துனர், தக்காளி வாடிக்கொண்டிருந்தும் "மோட்டார் கிடக்கட்டும், நீ குழந்தையைப் பார்" என்று சொன்ன ராயக்கோட்டை விவசாயிகள், எல்லோருக்கும் நன்றி. இத்தனை பேரை ஒரே மூச்சில் சொல்லி முடித்ததற்கு மன்னிக்க வேண்டும். நேரில் பார்க்கும்போது தனித்தனியாகச் சொல்கிறேன்.

மீதி மடல் ஒரு அம்மாவுக்கு. அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. தளிப் பக்கம், தமிழில் பாதி கன்னடம், அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

வார்டு வராந்தாவில் உட்கார்ந்து, சட்டைப் பையில் கிடந்த செம்புக் கம்பித் துண்டை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தேன். பக்கத்தில் அவர் தம் வீட்டுக்காரருக்கு மப்ளர் பின்னிக்கொண்டிருந்தார். அரக்கு நிறம், ஒரு முழத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. வெகுநேரம் என் விரலையே பார்த்தவர், "கம்பி சுற்றுகிற கைக்கு நூல் வராதா, தம்பி?" என்றார். நூலுக்கு எங்கே போவது என்றேன். பதில் சொல்லவில்லை. ஊசியை உருவிவிட்டு மப்ளரைப் பிரிக்க ஆரம்பித்தார். நான் தடுப்பதற்குள் பாதி போய்விட்டது. "அவருக்குப் பழையது ஒன்று இருக்கிறது."

பிரித்த நூல் சுருள் சுருளாக நின்றது. அதை நனைத்து, ஜன்னல் கம்பியில் இரவெல்லாம் தொங்கவிட்டார். காலையில் நேராகியிருந்தது. ஊசி எட்டாம் நம்பர், 4 மில்லிமீட்டர். நம்பர் கூடக் கூட ஊசி மெலியும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, பல நாட்களில் முதல் சிரிப்பு. கம்பியின் பருமனுக்கு நாங்கள் சொல்லும் கேஜ் நம்பரும் அப்படித்தான். எட்டாம் கேஜ் கம்பியும் ஏறக்குறைய அதே 4 மில்லிமீட்டர்தான்.

தெரிந்த வேலைதான் என்று நினைத்தது அன்று மாலை வரைக்கும். காயிலை இறுக்கிக் கட்டிய பழக்கத்தில் நூலையும் இறுக்கினேன். ஊசியில் ஏற்றிய நூல் வளையத்தைக் கண்ணி என்பார்கள்; ஊசி நுனி அந்தக் கண்ணிக்குள் நுழையவே இல்லை. 56 கண்ணி ஏற்றினேன், நான்கு வரிசை கழித்து எண்ணினால் 59. சுற்று எண்ணுவதையே பிழைப்பாக வைத்திருப்பவனுக்கு இதைவிட அவமானம் இல்லை. வரிசை தொடங்கும்போது நூலை ஊசிக்கு மேலாகப் பின்பக்கம் இழுத்துவிடுகிறேன், அதனால் முதல் கண்ணி இரண்டு போலத் தெரிகிறது, இரண்டிலும் பின்னிவிடுகிறேன். அவர் அதை முதல் வரிசையிலேயே பார்த்திருக்கிறார். நானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருக்கிறார். கேட்டபோது, "பிரி, நூல் எங்கும் போகாது" என்றார், அவ்வளவுதான்.

செவ்வகமாக ஒரு துண்டு. பக்கத்தைச் சேர்த்துத் தைத்து, உச்சிக் கண்ணிகளுக்குள் நூலைக் கோத்துச் சுருக்கினால் தொப்பி. ஒன்பது நாள் ஆயிற்று. செவிலியர் அதை உள்பக்கம் திருப்பி, பிசிறு நூல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். துவைத்துக் காயவைத்துக் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் மகளை என் வெற்று மார்பில் சேர்த்துக் கட்டினார்கள். கங்காரு முறையில் தாய்தான் அணைக்க வேண்டும் என்பதில்லை, தகப்பனும் அணைக்கலாமாம். என் தாடைக்குக் கீழே அந்த அரக்குத் தொப்பி. ஒரு காது மூடியிருந்தது, ஒரு காது மூடவில்லை. அளவு தப்பு.

அதை அந்த அம்மாவிடம் சொல்ல வெளியே ஓடி வந்தேன். அவர் இடம் காலியாக இருந்தது. பேரனைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார் காவலாளி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் பேரனும் உள்ளேதான் இருந்திருக்கிறான். ஒன்பது நாளில் ஒரு தடவைகூட நான் அதைக் கேட்கவில்லை. மப்ளரையும் ஊசியையும் எனக்குக் கொடுத்த பிறகு அவர் முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தது இப்போது கண்ணிலேயே நிற்கிறது.

மாதம் ஒரு தொப்பி பின்னி அந்த வார்டில் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறேன், இரண்டு காதும் மூடுகிற மாதிரி. அதற்கு முன் ஒரு பாக்கி இருக்கிறது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து நண்பர்கள் யாராவது இந்த அம்மாவைப் பார்த்தால் தயவுசெய்து சொல்லுங்கள்: அதே அரக்கு நிறத்தில் நூல் வாங்கிவிட்டேன். உங்கள் வீட்டுக்காரருடைய மப்ளர் இப்போது பதினோரு அங்குலம். கண்ணி எண்ணிக்கை சரியாக இருக்கிறது, இன்று காலையும் எண்ணினேன்.