டாப் ஸ்டேஷனுக்குக் குரங்கணி வழியும் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைக் காட்சிமுனைகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் டாப் ஸ்டேஷன் என்ற மலையுச்சிக் காட்சிமுனையை மூணாறு சுற்றுலாவின் ஒரு பகுதியாக மட்டுமே எழுதியிருந்தது, போடிப் பக்கத்து ஆட்களான எங்களுக்கு உறுத்தலாகவே இருந்தது. டாப் ஸ்டேஷன் தேனி மாவட்டத்தில், கொட்டகுடி ஊராட்சியில் இருக்கிறது. காரில் போக வேண்டுமென்றால் கேரளாவுக்குள் புகுந்து மூணாறிலிருந்து 32 கிலோமீட்டர் போக வேண்டும் என்பது உண்மைதான். நடந்து போகிறவர்களுக்குப் போடியிலிருந்தே வழி இருக்கிறது. மலையடிவாரத்துக் குரங்கணியில் பேருந்தை விட்டு இறங்கி, சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற மலைக் குடியிருப்பு வழியாக ஏறினால் அதே மலை விளிம்புக்கு வந்து சேரலாம். அந்தப் பாதையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

அது ஏதோ ஆடு மேய்க்கப் போட்ட ஒற்றையடிப் பாதை இல்லை. மூணாறுத் தேயிலை வெளியுலகுக்குப் போன வழி அது. 1902-இல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-இல் அதை எடுத்துவிட்டு, நீராவி எஞ்சின் ஓடும் சின்ன ரயில் பாதை போட்டார்கள். தேயிலைப் பெட்டிகள் ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வரும். அங்கிருந்து கம்பி வடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும். நடுவழியில் இருந்த நிலையம்தான் இன்றைய சென்ட்ரல். கீழே இறங்கிய பெட்டிகள் மாட்டு வண்டியில் போடிக்கு வந்தன. 1924 வெள்ளத்தில் ரயில் பாதை அடித்துக்கொண்டு போய்விட்டது. அப்புறம் யாரும் அதைத் திரும்பப் போடவில்லை. ரயிலும் வடமும் போய்விட்டன, மலையில் குடியிருந்தவர்கள் போகவில்லை. அரிசியும் மண்ணெண்ணெயும் குதிரை முதுகில் ஏறுவதும், காப்பியும் மிளகும் அதே முதுகில் இறங்குவதும் இந்த மலைக்குப் பழகிப்போன விஷயம்.

இந்த வழியாக நடந்தால்தான் மலை எப்படி அடுக்கடுக்காக மாறுகிறது என்று தெரியும். அடிவாரத்தில் மாந்தோப்பும் இலவ மரமும். வெயில் காலத்தில் இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். கொஞ்சம் ஏறினால் நிழல் மரங்களுக்கு அடியில் காப்பிச் செடி, மரத்தைச் சுற்றிப் படர்ந்த மிளகுக் கொடி. இன்னும் மேலே காற்று குளிர்ந்து, காதில் சில்வண்டுகளின் சத்தம் ஏறிக்கொண்டே போகும். சோலை வந்து, சோலை முடிந்து, புல்வெளி திறக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே கொட்டகுடி ஆற்றுப் பள்ளத்தாக்கு இன்னும் கொஞ்சம் விரிந்திருக்கும். உச்சிக்கு வந்து நிற்கும்போது, காலையில் புறப்பட்ட இடம் எங்கே என்று கண் தானாகவே தேடும். காரில் வந்து இறங்குகிறவருக்கும் அதே காட்சிதான் கிடைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் எது காடு, எது தோட்டம், எந்தப் புள்ளி வீடு என்பது நடந்து வந்தவருக்குத்தான் தெரியும். மழைக்காலம் முடிந்த டிசம்பர், ஜனவரிக் காலைகளில் பள்ளத்தாக்கு முழுக்க மேகம் படுத்திருக்கும். வெயில் ஏற ஏற அது கிழிந்து, அடியில் தேனிச் சமவெளி துண்டு துண்டாகத் தெரிய ஆரம்பிக்கும். இதற்காகவே விடிவதற்குள் பாதி மலை ஏறிவிட வேண்டும் என்பார்கள் எங்கள் ஊர்ப் பெரியவர்கள்.

குரங்கணி என்றதும் உங்கள் வாசகர்களுக்கு நினைவு வருவது வேறொன்று என்பதும் தெரியும். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலைக்கும் குரங்கணிக்கும் இடைப்பட்ட சரிவில் பிடித்த காட்டுத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பெரும்பாலும் சென்னையிலிருந்தும் கொங்குப் பக்கத்திலிருந்தும் வந்த இளைஞர்கள், பெண்கள். ஆளுயரக் காய்ந்த புல், மேல்நோக்கி அடிக்கும் காற்று, ஓட வழியில்லாத சரிவு. இந்த மூன்றும் சேர்ந்தால் தீ ஓட்டத்தில் மனிதனை முந்திவிடும். ஹெலிகாப்டர் வருவதற்கு முன்னால் இருட்டில் மேலே ஏறி, தீக்காயம் பட்டவர்களைப் போர்வையிலும் டோலியிலும் வைத்துச் சுமந்து இறக்கியவர்களில் குரங்கணி சுற்றுவட்டாரத்து ஜனங்களே முதலில் நின்றார்கள். அந்த இரவைப் பற்றி இப்போதும் எங்கள் ஊரில் யாரும் உரக்கப் பேசுவதில்லை.

அதற்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. சரியான காரியம். காட்டுத் தீக் காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள், அதுவும் சரி. 2024 அக்டோபரில் தொடங்கிய தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைச் சேர்த்தார்கள். எங்கள் பக்கத்துக் குரங்கணி–சாம்பலாறு பாதையும் அதில் ஒன்று. இணையத்தில் பதிவு செய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள் கூட வர, குழுவாகப் போகலாம். இதை நான் மனதார வரவேற்கிறேன். நான் கேட்பது, குரங்கணியிலிருந்து சென்ட்ரல் வழியாக டாப் ஸ்டேஷன் போகும் பழைய பாதையையும் இதே முறையில் பேணுங்கள் என்பதுதான்.

பேணுவது என்றால் பெரிய செலவு ஒன்றும் இல்லை. மழையில் சரிந்த கற்களை எடுத்துக் கட்ட வேண்டும். வழி பிரியும் இடங்களில் எது டாப் ஸ்டேஷன், எது கொழுக்குமலை என்று தமிழில் பெரிதாக எழுதிப் பலகை வைக்க வேண்டும். ஜனவரி முடிவதற்குள் பாதையின் இரண்டு பக்கமும் புல்லை வெட்டித் தீத்தடுப்புக் கோடு போட வேண்டும். இந்த வேலையை வெளியூர் ஒப்பந்தக்காரரிடம் கொடுக்காமல் சென்ட்ரல், முதுவாக்குடி, கொட்டகுடி ஆட்களிடமே கொடுத்தால் நன்றாக நடக்கும். தீ எந்தப் பக்கமிருந்து வரும், எந்த ஓடையில் மார்ச்சிலும் தண்ணீர் நிற்கும் என்று அவர்களிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது? வழிகாட்டிக் கூலியும் அந்த வீடுகளுக்கே போய்ச் சேர வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. மலை மேலே குடியிருப்பவர்கள் பல வருடமாகக் கேட்பது நடைபாதையை அல்ல, சாலையை. உடம்புக்கு முடியாமல் போனால் டோலி கட்டித் தூக்கி வர வேண்டிய ஊரில் இருப்பவர்களிடம் போய், "உங்கள் பாதை அழகாக இருக்கிறது, அப்படியே இருக்கட்டும்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. சாலை வந்தால் காடு என்ன ஆகும் என்ற கவலை எனக்கும் உண்டு. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு விடியற்காலையில் வரிசை கட்டும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கவலை புரியும். ஆனாலும் சாலையைப் பற்றி முதலில் பேச வேண்டியவர்கள் அங்கே குடியிருப்பவர்கள்தான். சாலை வரும் வரைக்கும், ஏன் வந்த பிறகும்கூட, பாதை ஒழுங்காக இருந்தால் அவர்களுக்கும் நல்லது, நடக்க வருகிறவர்களுக்கும் நல்லது.

நிறுத்தி வைத்திருந்த மதுரை–போடி ரயில் 2023 ஜூனில் திரும்ப வந்துவிட்டது. சென்னையிலிருந்து வாரத்தில் மூன்று நாள் நேராகப் போடிக்கு வண்டி வருகிறது. இரவு ஏறிப் படுத்தால் காலையில் மலையைப் பார்த்துக்கொண்டே இறங்கலாம். வரப்போகும் கூட்டம் அதிகமாகத்தான் இருக்கும். குரங்கணிக்குப் போன பிறகு "இன்று அனுமதி இல்லை" என்று கேட்டுத் திரும்புகிறவர்களில் சிலர் யாருக்கும் தெரியாமல் வேறு வழியில் ஏறப் பார்க்கிறார்கள். அது உயிரோடு விளையாடுவது. எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று போடி ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் தினமும் எழுதிப் போட வனத்துறையும் நகராட்சியும் ஏற்பாடு செய்யலாம். ஒரு கரும்பலகை போதும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மலைப் பயணக் கட்டுரை போடும்போது, எந்த மாதங்களில் போகக் கூடாது, யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், உள்ளூர் வழிகாட்டி எங்கே கிடைப்பார் என்பதைப் படத்துக்குக் கீழேயே போடுங்கள். குறிப்பாக, பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அந்தக் காட்டுக்குள் நடக்கப் போகக் கூடாது என்பதைக் கண்ணில் படும்படி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
போடிநாயக்கனூர்