கொடிக்கால் கதைக்கு ஒரு பத்திர எழுத்தனின் பதில்

அன்புள்ள மாப்ளே,

நீ அனுப்பிய சினிமா ஸ்கிரிப்டைப் படித்துவிட்டேன். முதல் தடவை கதைக்காகப் படித்தேன். இரண்டாவது தடவை பத்திரம் எழுதிப் பிழைக்கிறவனாகப் படித்தேன். இந்தக் கடிதத்தை எழுதுவது அந்த இரண்டாவது ஆள்தான், பொறுத்துக்கொள்.

இங்கே எல்லோரும் சுகம். மகனுக்குத் திருமங்கலத்துக்கு மாற்றல் ஆகிவிட்டது. அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. வைகையில் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்பதால் ஊரே கொஞ்சம் சந்தோஷமாக இருக்கிறது. மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

மதுரைக் கதையில் அருவாளும் இல்லை, கோபுரத்தைச் சுற்றிவரும் ட்ரோன் ஷாட்டும் இல்லை. அதற்கே உனக்கு ஒரு சல்யூட். கொலையாகிற அப்பாவை, அந்தப் பெரியவரை, சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் கொண்டுபோய் வைத்தாயே, அது இன்னும் நல்ல யோசனை. 2023ல் அந்த வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் கொடிக்காலை யாரும் ஒழுங்காகப் படம் பிடித்ததாக எனக்கு ஞாபகமில்லை. அகத்தி வரிசைக்கு நடுவே வாய்க்காலில் இறங்கி நின்றால் பத்தடி தள்ளி நிற்கிறவன் முகம் தெரியாது. கொலைக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்குமா?

ஆனால் கொலைக்கான காரணம்தான் இடிக்கிறது. அப்பா உயில் எழுதிவிடுவார் என்று பயந்து மூத்த மகன் முந்திக்கொள்கிறான். 'நான் உள்ளே போனாலும் பங்கு என் பொண்டாட்டி பிள்ளைக்கு வரும்' என்று வேறு சொல்கிறான். வராது மாப்ளே. 1956ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25வது பிரிவுப்படி, கொலை செய்தவனுக்கும் உடந்தையாக இருந்தவனுக்கும் செத்தவரின் சொத்தில் சல்லிக்காசு கிடையாது. 27வது பிரிவு, அவன் அப்பாவுக்கு முன்னாலேயே செத்துப்போனதாகக் கணக்கு வைக்கச் சொல்கிறது. அப்பனைக் கொன்ற மகனின் மனைவி பங்கு கேட்டுப் போன நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. அவனுக்கே இல்லாத உரிமை அவன் வழியாக அவளுக்கு எப்படி வரும் என்று 2005ல் தள்ளிவிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டுக் கதையைத் தூக்கிப் போட்டுவிடாதே. எனக்கென்னவோ உன் படமே இங்கேதான் ஆரம்பிக்கிறது என்று தோன்றுகிறது. தாயார் இல்லை, பிள்ளைகள் மூன்று பேர், ஆண் இரண்டு, பெண் ஒன்று. ஆக மூன்று பங்கு. இந்தச் சட்டம் மூத்தவனுக்குத் தெரியாது, இளையவனுக்குத் தெரியும் என்று வைத்துப் பார். அண்ணன் ஜெயிலுக்குப் போனால் மூன்று பங்கு இரண்டாகும். அவன் கத்தியைத் தொட வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும்போது, 'வெள்ளிக்கிழமை அப்பா உயில் எழுதப் போறாராம்ணே' என்று சொன்னால் போதும். தூண்டிவிட்டான் என்று எந்தக் கோர்ட்டில் நிரூபிப்பாய்? உன் வில்லன் மூத்தவன் இல்லை என்பது என் கட்சி.

இரண்டு ஒன்றாக வேண்டுமென்றால் அக்கா கையெழுத்துப் போட வேண்டும். நீ அவளுக்குக் கொடுத்திருப்பது அழுகிற காட்சிகள் மட்டும்தான். பெரியவர் சொந்தமாகச் சம்பாதித்த நிலம் என்றால், உயில் இல்லாமல் போகும்போது மகளுக்கும் சம பங்கு என்பது 1956லிருந்தே உள்ளது. பூர்வீகம் என்றால் கதை இன்னும் ருசி. தமிழ்நாட்டில் 25.3.1989க்கு முன்னால் கல்யாணமான பெண்ணுக்கு அதில் உரிமை இல்லை என்று இருந்தது. 9.9.2005ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அதை மாற்றியது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று நடந்த இழுபறியை 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், தேவையில்லை என்று முடித்துவைத்தது. உன் கதையில் வரும் அக்காவுக்குக் கல்யாணம் 1987ல். 'சீர் செஞ்சதோட உன் கணக்கு முடிஞ்சுபோச்சுக்கா' என்று இத்தனை வருஷம் சொன்ன தம்பி, இப்போது அவள் வீட்டு வாசலில் பழப்பையோடு நிற்கிறான். தன் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டதாக அவள் எழுதித்தரும் ஒரு விடுதலைப் பத்திரத்துக்காக.

அந்தப் பதிவு அலுவலகக் காட்சியை எனக்காக எடு. இப்படி வந்து நின்ற அக்காமார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தம்பி எடுத்துக்கொடுத்த புதுச் சேலை, கஞ்சி விறைப்பு இன்னும் போயிருக்காது. நான் பத்திரத்தைப் படித்துக்காட்டுவேன், அவர்கள் காது கொடுக்க மாட்டார்கள். கேமரா முன்னால் உட்காரச் சொன்னதும் தலைமுடியைச் சரிசெய்துகொள்வார்கள். அப்புறம் கைரேகை. வருஷக்கணக்கில் வெற்றிலை கிள்ளிக் கட்டுக் கட்டாகக் கவுளி அடுக்கிய பெருவிரலை மிஷின் லேசில் ஏற்காது. துடைத்துவிட்டு வைங்கம்மா என்பார்கள். புதுச் சேலையில் துடைக்கலாமா என்று ஒரு நொடி யோசித்துவிட்டு, பழைய பையில் துடைப்பார்கள். மறுபடி வைப்பார்கள். பின்னால் நிற்கிற தம்பிக்கு மட்டும் அந்த நேரத்தில் வேர்க்கும். இதற்குப் பின்னணி இசை கிசை எதுவும் போட்டுவிடாதே.

சில்லறைத் திருத்தங்கள்: உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. ஆனால் சாட்சி இரண்டு பேர் வேண்டும், நீ ஒருவரைத்தான் வைத்திருக்கிறாய். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும். உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுக்கும் செட்டில்மெண்ட் அப்படியில்லை, பதிந்த அன்றே கைமாறிவிடும். நீ இரண்டையும் ஒரே காட்சியில் போட்டுக் குழப்பியிருக்கிறாய்.

கொடிக்காலுக்கு ஆள் பார்த்து வைத்திருக்கிறேன். உள்ளே செருப்போடு விட மாட்டார்கள், உன் யூனிட் ஆட்களிடம் முதலிலேயே சொல்லிவிடு. மத்தியானத்திலும் வெளிச்சம் மங்கலாகத்தான் இருக்கும் என்பதால், கேமராமேனை ஒருநாள் முன்னதாகக் கூட்டிவந்து காட்டு. பட்ஜெட் கம்மி என்று எழுதியிருந்தாய், நம் வீட்டு மாடியில் ஆறேழு பேர் தாராளமாகப் படுக்கலாம். அக்கா வேஷத்துக்கு யாரை யோசித்திருக்கிறாய் என்று எழுது. பத்திர எழுத்தர் வேஷத்துக்கு மட்டும் சென்னையிலிருந்து ஆள் கொண்டுவராதே. நான் சும்மாவே நடித்துத் தருகிறேன், ஆனால் பத்திரத்தின் வாசகத்தை நான்தான் எழுதுவேன்.

அன்புடன்,
உன் மாப்ளே