டிஸ்சார்ஜ் ஆகாத அப்பா: காப்பீட்டு விதிகளை எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவக் காப்பீட்டுக்கும் முதியோர் நலத்துக்கும் விதி எழுதுகிற அனைவருக்கும், வணக்கம்.

உங்கள் படிவம் ஒன்று இரண்டு வருடமாக என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அட்மிஷன் தேதி, டிஸ்சார்ஜ் தேதி என்று அதில் இரண்டு கட்டங்கள். பக்கவாதம் வந்து அப்பா மருத்துவமனையில் 11 நாள் இருந்தபோது இதே மாதிரி ஒன்றை நிரப்பிக் கொடுத்தேன், பெரும்பகுதிப் பணம் வந்தது. குறை சொல்ல மாட்டேன். அப்புறம் அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். செலவு ஆரம்பித்ததே அங்கேதான். அதைக் கேட்கப் போனால் இந்தப் படிவத்தையே திரும்ப நீட்டினார்கள். வீட்டில் இருப்பவருக்கு டிஸ்சார்ஜ் தேதி என்று எதை எழுதுவது?

அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். வலுவுள்ள பக்கமாகச் சக்கர நாற்காலியைப் போட்டு, பிரேக்கை அழுத்திவிட்டு, அவர் முழங்காலுக்கு நம் முழங்காலை முட்டுக் கொடுத்து, இடுப்புப் பட்டையைப் பிடித்து, மூன்று எண்ணித் தூக்க வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு கெட்டுவிடும். இது கைவர அக்காவுக்கு ஒரு மாதம் ஆனது. இரவில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். இதில் ஊசி ஏது, ஆபரேஷன் ஏது? ஆள்தான் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் உங்கள் படிவத்தில் இடமில்லை.

வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் வேலை பார்க்கிறார் என்றால், எந்நேரமும் ஒரு ஆள் பக்கத்தில் இருக்க மூன்றரை பேர் வேண்டும். எங்களால் ஒருவருக்குத்தான் சம்பளம் கொடுக்க முடிகிறது. மீதி 120 மணி நேரத்தை நானும் அக்காவும் பங்கு போட்டுக்கொள்கிறோம். பங்கு என்று சொல்கிறேனே தவிர, வேலையை விட்டவர் அக்காதான். அவர் இழந்த சம்பளத்துக்கு ரசீது கிடையாது. ரசீது இல்லாததால் உங்கள் கணக்கில் அது செலவும் இல்லை.

சம்பளத்துக்கு உதவிக்கு வரும் பெண்மணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். “ராத்திரி தூங்கத்தானே போகிறீர்கள்” என்று இரவுச் சம்பளத்தைக் குறைத்துப் பேசினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கை (2011) வீட்டுப் பணியாளர்களுக்கு வாரம் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்கிறது. நியாயம்தான். அதற்கான காசு, பென்ஷனில் ஓடுகிற ஒரு வீட்டிலிருந்து மட்டுமே வர வேண்டும் என்பதுதான் நியாயமில்லை.

பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். போய்க் காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனி 1995-இல் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீடு கொண்டுவந்தது. ஜப்பான் 2000-இல், தென் கொரியா 2008-இல். ஜப்பானில் 40 வயதிலிருந்தே சந்தா கட்டுகிறார்கள். உதவி தேவைப்படும்போது, பெரும்பாலானோர் தங்கள் கையிலிருந்து கொடுப்பது 10 சதவீதம். ஜெர்மனியில் என்ன நோய் என்பதைவிட, எதையெல்லாம் தானாகச் செய்ய முடியவில்லை என்பதைப் பார்த்துத்தான் நிலை ஒன்று முதல் ஐந்து வரை தருகிறார்கள். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் உறவினருக்குப் பணமாகவும் கிடைக்கும். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் பார்ப்பவர்களுக்கு ஓய்வூதியச் சந்தாவும் கட்டப்படும். அங்கேயும் முழுச் செலவு கிடைத்துவிடாது. தொழில்முறைப் பணியாளருக்குத் தரும் தொகையைவிட உறவினருக்குத் தருவது குறைவு என்பதில் எனக்கு வருத்தம்தான். சரி, எங்களுக்கு அந்தக் குறைந்த தொகையே போதும்.

நான் கேட்பது முதலில் ஒரு புதுப் படிவம். தேதிகள் இருந்த இடத்தில் இப்படிக் கேளுங்கள்: தானாக எழுந்து உட்கார முடிகிறதா, கழிப்பறைக்குப் போக முடிகிறதா, சாப்பாட்டைக் கையில் எடுக்க முடிகிறதா, இரவில் பக்கத்தில் இருப்பவர் எத்தனை முறை எழுகிறார், பகலில் அவர் வேறு வேலைக்குப் போக முடிகிறதா.

அச்சடித்ததும் அனுப்புங்கள். நேற்று இரவுக் கணக்கு 4 முறை. அதில் மூன்று அக்கா.