சான்றிதழ் வரும்வரை பாடம் காத்திருப்பதில்லை: பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் கல்வி அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

என் மகள் நான்காம் வகுப்பில் படிக்கிறாள். 'கொடு' என்று சொன்னால் 'கெடு' என்று எழுதுகிறாள். ஒரே ஒலிக்குக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் போட வேண்டும் என்பது அவள் கைக்கு இன்னும் வசப்படவில்லை. அழித்து அழித்து எழுதியதில் அந்த இடத்தில் தாளே கிழிந்திருக்கிறது. யாராவது அருகில் வந்தால் இடது கையால் நோட்டை மூடிக்கொள்கிறாள். அதே பாடத்தை நான் வாசித்துக் காட்டினால், ஒரே தடவையில் உள்வாங்கிக்கொண்டு கேள்விகளுக்குச் சொந்த வார்த்தைகளில் பதில் சொல்லிவிடுகிறாள்.

பள்ளியில் முறையிட்டபோது முதலில் கவனம் போதாது என்றார்கள். பிறகு வீட்டில் இன்னும் படிக்க வையுங்கள் என்றார்கள். கடைசியில், கற்றல் குறைபாடு உண்டா என்று நிபுணர்கள் சோதித்துத் தரும் மதிப்பீட்டுச் சான்றிதழ் வந்த பிறகு பார்க்கலாம் என்றார்கள். அதற்காகக் காத்திருந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. இந்த ஏழு மாதங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு அறிவுக் குறைவோ சோம்பலோ அல்ல. சொல்லில் உள்ள ஒலிகளைப் பிரித்தறிந்து எழுத்துகளோடு இணைப்பதில் உள்ள சிரமமே பெரும்பாலும் அதன் வேர் என்பதால், ஒலியையும் எழுத்தையும் படிப்படியாகச் சேர்த்துக் கற்பிக்கும் பயிற்சி பலன் தருகிறது. அதை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. என் மகளுக்கு இருப்பது அதுதானா என்று நிபுணர்கள் சொல்லட்டும். அவள் திணறுவதை அறிய யாருடைய அறிக்கையும் தேவையில்லை, நோட்டைத் திறந்தால் போதும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, தன் 24ஆம் பிரிவில், பொதுக் கல்வி அமைப்புக்குள்ளேயே ஒவ்வொருவரின் தேவைக்கேற்ற ஆதரவைத் தர வேண்டும் என்கிறது. அந்த ஆதரவு வகுப்பறையில்தான் தொடங்க வேண்டும்.

சான்றிதழே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. பொதுத் தேர்வில் கூடுதல் நேரமோ, சொல்வதை எழுத ஒருவரோ தரும்போது அத்தாட்சி கேட்பது முறைதான். ஆனால் வகுப்புத் தேர்வில் வினாக்களை வாசித்துக் காட்டவும், பதிலை வாய்மொழியாகக் கேட்கவும், கரும்பலகையில் உள்ளதை நகலாகத் தரவும் எந்தக் கையொப்பத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வகுப்பு முழுவதையும் ஒற்றை ஆளாகச் சமாளிக்கும் ஆசிரியரின் தலையில் இதையும் சுமத்தாமல், சிறப்பாசிரியரின் உதவியை அவருக்கு ஏற்பாடு செய்து தருவது உங்கள் பொறுப்பு.

அதுவரை ஒன்றையாவது நாளையே செய்யுங்கள்: அவளைத் திடீரென எழுப்பி எல்லோர் முன்னிலையிலும் உரக்க வாசிக்கச் சொல்லாதீர்கள். எந்தப் பத்தி என்பதை முதல் நாளே சொல்லியனுப்புங்கள், வீட்டில் பழகிவிட்டு வருவாள்.

இப்படிக்கு,
ஒரு தாய்