மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் முன் பக்கத்து நிலத்தையும் பாருங்கள்

ஓசூர் மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும் நகர் ஊரமைப்பு அலுவலர்களுக்கும் வணக்கம்.

தளி ரோட்டை ஒட்டிய ஒரு மனைப்பிரிவில் குடியிருக்கிறேன். எங்கள் முப்பதடி ரோடு ஒரு காம்பவுண்டு சுவரில் முட்டி நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு மனைப்பிரிவு, அங்கேயும் முப்பதடி ரோடு. மளிகைக் கடை, மருந்துக் கடை எல்லாம் அங்கேதான். இங்கே பேசினால் அங்கே கேட்கும். ஆனால் போய்வர வேண்டுமென்றால் மெயின் ரோட்டில் லாரிகளுக்கும் கம்பெனி பஸ்களுக்கும் நடுவே சுற்ற வேண்டும். வயதானவர்கள்கூட சுவரோரம் ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி ஏறி இறங்குகிறார்கள். கால் தவறினால் என்ன ஆவது?

இரண்டுமே முறையாக ஒப்புதல் பெற்றவை. தனித்தனியாகப் பார்த்தால் ரோட்டு அகலம் சரி, பூங்கா இடம் சரி. இரண்டு வரைபடத்தையும் ஒரே மேசையில் சேர்த்து வைத்து யாரும் பார்க்கவில்லை, அதுதான் கோளாறு.

நம் ஊரின் பழைய பகுதியான தேர்ப்பேட்டையில் தெருக்கள் குறுகல்தான். ஆனாலும் ஒன்று அடைத்தால் இன்னொன்றில் புகுந்து போய்விடலாம். புதிய பகுதிகளில் அது நடக்காது. பாகலூர் ரோடு, ராயக்கோட்டை ரோடு என எல்லா வண்டியும் அங்கேதான் வந்து விழ வேண்டும். நெரிசல் என்றதும் மேம்பாலம் கேட்கிறோம், முட்டுச்சந்துகளைக் கவனிப்பதில்லை.

அமெரிக்கப் புறநகரங்கள் இப்படித்தான் வளர்ந்தன. பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்ற ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட கணக்கின்படி, அங்கே புதிய தெருக்களின் இணைப்பு தேய்ந்துகொண்டே வந்து, 1994 வாக்கில்தான் திரும்பத் தேற ஆரம்பித்தது. அப்படித் தேறியவையும் புதிதாகப் போட்ட தெருக்கள் மட்டும்தான். பழைய முட்டுச்சந்துகள் பெரும்பாலும் அப்படியே கிடக்கின்றன. வீட்டை இடித்துக் கட்டலாம். மனை மனையாகப் பத்திரம் ஆன பிறகு தெருவை அசைப்பது லேசில்லை. போர்ட்லாந்து வட்டாரத்தில் புதிய பகுதிகளுக்கு 530 அடிக்கு ஒரு தெரு இணைப்பு என்று விதியே வைத்தார்கள்.

மனைப்பிரிவின் ரோடுகள் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியின் பெயருக்குத்தானே வருகின்றன? அதனால் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இனி வரும் விண்ணப்பங்களில் சுற்றியுள்ள சர்வே எண்களின் ரோடுகளையும் காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் காலி நிலம் என்றால், நாளைக்குச் சேர்க்கும்படி ரோட்டை எல்லை வரை விடச் சொல்லுங்கள். ஏற்கெனவே அடைபட்ட இடங்களில் ஆளும் சைக்கிளும் போகிற அளவுக்காவது சுவரைத் திறக்க இரு பக்கத்தாரையும் கூட்டிப் பேசுங்கள். திருட்டு பயம் என்று சிலர் சொல்வார்கள். சரி, இரவில் பூட்ட ஒரு கேட் போடலாம்.

தேதி மட்டும் சொல்லுங்கள், எங்கள் தெருக்காரர்களை அழைத்து வருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
தளி ரோட்டுக் குடியிருப்பாளர்