ஊசி சென்னையில், இரத்தம் காரைக்குடியில்

கானாடுகாத்தான்

அன்புள்ள கணக்கப்பிள்ளைக்கு,

தைப்பூச நடையில் குன்றக்குடியில் உன்னைப் பார்த்ததோடு சரி. நீ போட்ட இரண்டு கடிதங்களுக்கும் நான் பதில் எழுதவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். நமக்குக் கந்தரப்பம் சுட்டுக் கொடுத்துக்கொண்டே வாய்ப்பாடு கேட்ட என் உடன்பிறந்த ஆச்சிக்கு, அறுவை செய்து எடுத்த வாய்ப்புற்று மறுபடியும் தலைகாட்டிவிட்டது. வெற்றிலைச் செல்லத்தில் இப்போது புகையிலை இல்லை. பரிசோதனைச் சீட்டுகளை நான்காக மடித்து அதில்தான் வைத்திருக்கிறார்.

சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில், வழக்கமான கீமோவோடு புதிய மருந்தொன்றைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வில் சேரச் சம்மதமா என்று கேட்டார்கள். பங்காளிகள் ‘சோதனை எலி’ என்றார்கள். மறைப்பானேன், ஒரு வாரம் நானும் அப்படித்தான் சொன்னேன். அங்கிருந்த இளம் மருத்துவர்தான் பொறுமையாக விளக்கினார்: ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை, மறு பிரிவினருக்கு அதனுடன் புது மருந்து, சிகிச்சையின்றி யாரும் விடப்படுவதில்லை, யார் எந்தப் பிரிவு என்பதைக் கணினி முடிவுசெய்யும், வேண்டாமென்றால் எப்போதும் விலகலாம். “பிள்ளையார் முன்னே திருவுளச்சீட்டுப் போடுவது போலத்தானே, ஆள் பார்த்துக் கொடுத்தால் அல்லவா தப்பு” என்றார் ஆச்சி. நீ வகுப்பில் பிள்ளைகளிடம் வருடக்கணக்கில் மன்றாடியதை ஒரே வரியில் முடித்துவிட்டார். ஒப்புதல் படிவத்தைப் புரட்டி, நம் கல்யாண ஒப்பந்தமான இசைகுடிமானத்துக்குக்கூட இத்தனை கையெழுத்து இல்லையே என்று சிரிக்கவும் செய்தார்.

ஆனால் கையெழுத்து ஆகவில்லை. முதல் இரண்டு மாதம் வாரந்தோறும் வர வேண்டும் என்றார்கள். விடியற்காலையில் பல்லவன் ரயிலில் ஏறி, நண்பகலுக்கு மேல் எழும்பூரில் இறங்கி, ஒரு குப்பி இரத்தம் கொடுத்து, விடுதியில் தங்கி மறுநாள் திரும்ப வேண்டும். அவரோ 72 வயதில் கஞ்சியையே வடிகட்டிக் குடிப்பவர். “எனக்காக எத்தனை நாள் கடையைப் பூட்டுவாய்” என்று படிவத்தை அவரே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று முதல் எனக்குத் தூக்கமில்லை. அந்த இரத்தத்தைக் காரைக்குடியில் காலையில் கொடுத்தால் மாலையில் முடிவு கைக்கு வருகிறது. ஸ்கேனுக்கு மதுரை போதும். மருந்து ஏற்றும் நாளுக்கு மட்டும் சென்னை என்று வைத்தால் எது கெட்டுப்போகும்? பரிசோதனைக் கூடத்துக்குக் கூடம் அளவு மாறும் என்று நீ எழுதப்போவது தெரியும். மாறட்டும், தரச்சான்று பெற்ற கூடங்களாகப் பார்த்து முன்கூட்டியே ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்வது அவர்களால் ஆகாத காரியமா? நம் பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்திலேயே, பயிற்சி பெற்ற செவிலியர் 30 முதல் 59 வயது வரையிலான கிராமத்துப் பெண்களுக்கு அசிட்டிக் அமிலம் தடவிக் கருப்பைவாய்ப் புற்றைக் கண்டறிந்த ஆய்வு நடந்திருக்கிறது. 2007இல் வெளியான அதன் முடிவில், பரிசோதனை நடந்த ஊர்களில் அந்நோயால் நேர்ந்த இறப்பு 35 சதவீதம் குறைவு. அது மருந்து ஆய்வு அன்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே ஆய்வுதான் ஊர் தேடி வந்தது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வையும் படித்துப் பார். தலை, கழுத்துப் புற்று முற்றியவர்கள் 151 பேர். உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் நிவோலுமாப் மருந்தின் முழு அளவுக்கு விலை கட்டாது என்பதால், அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத 20 மில்லிகிராமை மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஓராண்டு கடந்தும் உயிரோடிருந்தவர்கள் மாத்திரை மட்டும் பெற்ற பிரிவில் 16.3 சதவீதம், இந்த மருந்தும் சேர்த்துப் பெற்ற பிரிவில் 43.4 சதவீதம். நம்மைப் போன்றவர்களின் மடியிலிருந்து பிறந்த கேள்வி அது. அப்படிப்பட்ட ஆய்வுக்கு ஆச்சி போன்றவர்கள் போய்ச் சேர முடியாவிட்டால், பதில் யாருக்காக?

உன்னால் ஆக வேண்டிய காரியம் ஒன்று. 2007 முதல் நாட்டின் ஆய்வுகளைப் பதிந்துவரும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு இணையத்தில் இருக்கிறது. எந்த ஆய்வு எந்த ஊரில் நடக்கிறது என்பதும் அதில் உண்டு. எல்லாம் ஆங்கிலம், எனக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. மதுரையிலோ திருச்சியிலோ வாய்ப்புற்றுக்கு ஆள் சேர்க்கும் ஆய்வு இருக்கிறதா என்று பார். பயாப்சி அறிக்கையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் இரத்த அளவு எல்லைக்கோட்டில் இருக்கிறது, தகுதி விதிகளில் அதை முதலில் கவனி. ஆச்சிக்குத் தெரிய வேண்டாம். கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஏழரை ரூபாய் நினைவிருக்கிறது.

உன்,
கடன்காரன்